இரண்டு வாசல் பூங்கா

எங்கள் ஊர்ப் பூங்காவுக்கு இரண்டு வாசல். வரைபடத்தில் முதலில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவதைப் பென்சிலால் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, கடைசியில் மையால் அழுத்திப் போட்டவள் நான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நான் அதை அரசாங்கச் செலவில் வைத்துக்கொண்டேன்.

என் பெயர் சுடர்விழி. ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். சாலை, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் அளவெடுத்து எஸ்டிமேட் போடுவது என் வேலை. பதினான்கு வருடமாகப் போடுகிறேன். என் அம்மா இதே ஊரில் நடவு நட்டவள், அப்பா பண்ணையாளாக இருந்தவர். நான் டிப்ளமோ படித்து, ஸ்கூட்டியில் போய் இறங்கினால் காண்ட்ராக்டர் எழுந்து நின்று 'வாங்க மேடம்' என்கிறான். கேட்க இனிமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன்.

எனக்கு ஒரே பெண், செம்மொழி. பெயர் வைத்தது என் கணவர் தமிழ்மாறன். தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க வேலை. ஆசை ஆசையாய் செம்மொழி என்று பெயர் வைத்தார். பெண்ணோ வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். கொரோனா வந்தபோது இரண்டாம் வகுப்பு. பாடம் படிக்க என்று ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் திறந்தது, போன் மூடவில்லை. இப்போது ஏழாம் வகுப்பு. சாப்பிடும்போது போன், படுக்கும்போது போன், கூப்பிட்டால் 'ம்'. எங்கள் காலனியில் அவள் வயதுப் பெண் பிள்ளைகள் மூன்றே பேர். ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. மற்ற இரண்டும் அதனதன் வாசற்படியில் அதனதன் போனோடு.

ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டேன். "உனக்குன்னு ஒரு சிநேகிதி இல்லையாடி?"

"எதுக்கு?" என்றாள்.

திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஆகவே ஒன்றியத்துக்கு மூன்று சிறுவர் பூங்கா என்று உத்தரவு வந்தபோது, ஒன்றை எங்கள் ஊருக்கு இழுத்து வந்தேன். ஊர் நன்மை, குழந்தைகளின் எதிர்காலம் என்றெல்லாம் குறிப்பில் எழுதினேன். உண்மை ஒன்றுதான். என் மகளுக்கு ஒரு சிநேகிதி வேண்டும், கையைத் தொட்டுப் பேசுகிற மாதிரி ஒருத்தி. அதற்காகத்தான் இத்தனையும்.

இடம் களத்து மேட்டுப் புறம்போக்கு, இருபத்திரண்டு சென்ட். அதற்கு மேற்கே நிலக்காரர்கள் இருக்கிற குடியானத்தெரு, மாரியம்மன் கோயில், தார் ரோடு. கிழக்கே ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் எங்கள் காலனி. நடுவில் கிடந்த அந்த மேட்டில் அறுவடை நேரத்தில் நெல் காயும், மற்ற நாளில் ஆடு மேயும்.

அங்கே என்னென்ன வர வேண்டும் என்று எங்கள் மேலதிகாரி பி.டி.ஓ. ஒரு பட்டியல் வைத்திருந்தார். முதல் இடம் செல்ஃபி பாயிண்ட். ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் வைத்து நடுவில் சிவப்பாக ஓர் இதயம்.

"சார், போனை மறக்கத்தானே பார்க்கு கட்டுறோம்? நாமளே போனை எடுன்னு சொல்லலாமா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க ஊரு, உங்க இஷ்டம்" என்றார். அந்தப் பணத்தைப் பிள்ளைகள் தண்ணீர் விட்டு விளையாட ஒரு சின்ன வாய்க்காலுக்குத் திருப்பினேன். காண்ட்ராக்டர் விளக்குக் கம்பத்தின் அடியில் பிளக் பாயிண்ட் ஒன்று வைத்திருந்தான். கேட்காமலேயே வைத்துவிட்டு, "சும்மா ஒரு வசதிக்கு மேடம், வர்றவங்க சார்ஜ் போட்டுக்கலாம்" என்றான். அவன் பில்லில் அதைச் சிவப்பு மையால் அடித்தேன். பெட்டியைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பூசினான்.

தனியாக விளையாட முடியாதபடி எல்லாவற்றையும் யோசித்து யோசித்து வைத்தேன். நாலு பேர் ஏறினால்தான் ஆடுகிற நீளமான ஏற்ற இறக்கப் பலகை. போன வருடம் வாய்க்கால் தூர்வாரியபோது எடுத்த மணலைக் கொட்டி ஒரு மணல் குழி. காவிரிக்கரையில் இருந்துகொண்டு பிள்ளைகள் விளையாட ஒரு வண்டி மணலுக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. அப்புறம் அந்த விளையாட்டு வாய்க்கால். மேற்கில் ஒரு அடிபம்பு, அங்கிருந்து கிழக்கே நாற்பதடிக்குச் சிமென்டில் ஒரு சின்னஞ்சிறு வாய்க்கால், நடுநடுவே கையால் தூக்குகிற மரப்பலகை மடைகள் ஏழு. ஒருத்தர் பம்பு அடிக்க வேண்டும், இன்னொருத்தர் மடை திறக்க வேண்டும். ஒற்றை ஆளாக அடித்தால் தண்ணீர் முதல் மடையிலேயே நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கேதான் ஓடும், அதனால் பம்பை மேற்கில் வைத்தேன். வேறு எண்ணம் எதுவும் கிடையாது.

பூங்காவின் நடுவில் ஒரு அறிவிப்புப் பலகையும் எழுதி வைத்தேன். 'இங்கே செல்போன் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்.' வாசகம் என்னுடையது. தமிழாசிரியர் பிழை திருத்திக் கொடுத்தார்.

வாசல் விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வந்தது.

"ஒரு வாசல் போதும்," என்றார் தமிழ்மாறன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வரைபடத்தை விரித்திருந்தேன். "நம்ம புள்ளைங்க குடியானத்தெரு வழியா, கோயிலைத் தாண்டி, நேரா நடந்து போய் நுழையட்டும். நாலு நாள் மொறைப்பாங்க. அஞ்சாம் நாள் பழகிடும். ரோடு பஞ்சாயத்து ரோடுதானே?"

"அந்த நாலு நாள் மொறைப்பை யாரு வாங்கிக்கிறது? உங்க கொள்கையா, எம் பொண்ணா?"

"சுடர், ஒரு வாசல்னா எல்லாரும் ஒண்ணாத்தான் நுழையணும். ரெண்டு வாசல்னா..."

"ரெண்டு வாசல்னா என்னங்க? உள்ள இருக்கறது ஒரே எடந்தானே?"

"நீதான் இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் ஒருவேளை நான் கேட்டிருப்பேன். கத்தமாட்டார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான்.

எனக்குப் பத்து வயதில், மண்ணெண்ணெய் டின்னோடு அந்த ரோட்டில் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, "எங்க இந்தப் பக்கம்?" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. டின்னோடு திரும்பி ஓடிவந்துவிட்டேன். முப்பது வருடமாக அந்தக் கேள்வி என் காதில் கிடக்கிறது. என் மகளிடம் அதை யாரும் கேட்கக் கூடாது. கிழக்குப் பக்கம் வாய்க்கால் மேல் ஒரு சிலாப் போட்டு, இரண்டாவது வாசலை வரைந்தேன்.

பஞ்சாயத்துத் துணைத்தலைவர் துரைராசுவிடம் வரைபடத்தைக் காட்டியாக வேண்டும். குடியானத்தெருவில் பதினெட்டு ஏக்கர் நஞ்சைக்காரர். என் அப்பா அவருடைய அப்பாவை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். நான் இவரை 'சார்' என்பேன். ஒரே தலைமுறையில் அவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். விரல் கிழக்குப் பக்கத்தில் நின்றது. "இது என்னம்மா, இங்க ஒரு வாசல்?"

"காலனிப் புள்ளைங்க சுத்திக்கிட்டு வர வேணாமேன்னு, சார்."

"நல்ல யோசனைதான். நடுவுல வாய்க்கா இருக்கே, சிலாப்பு நல்லா கனமா போடு. புள்ளைங்க நடக்கற எடம்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் ஸ்கூட்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். ஒரு தெருவிளக்குக்கே ஒரு வருடம் இழுத்தடிக்கிற மனிதர், கேட்ட மாத்திரத்தில் ஏன் தலையாட்டினார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. மேடத்துக்கு மூளை அவ்வளவுதான்.

தை மாதம் திறந்தோம். முதல் வாரம் மேற்குப் பிள்ளைகள் மேற்கு வாசலிலும் கிழக்குப் பிள்ளைகள் கிழக்கு வாசலிலும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தினமும் சாயங்காலம் செம்மொழியை இழுத்துக்கொண்டு போவேன். அவள் வேண்டாவெறுப்பாக ஓரத்தில் நிற்பாள்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கண்ணாடி போட்ட ஒல்லியான பெண் ஒருத்தி மேற்கில் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள். துரைராசுவின் தம்பி மகள், பெயர் ஜெயபாரதி, கூப்பிடுவது ஜேபி. தஞ்சாவூர் ரோட்டில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய் வருகிறவள். அப்பா பரணிதரன் சிங்கப்பூரில். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நேராக அளந்தால் முந்நூறு மீட்டர் இருக்கும். பன்னிரண்டு வருடத்தில் இந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

ஜெயபாரதி அடிக்கிறாள், அடிக்கிறாள், தண்ணீர் முதல் மடையில் முட்டி நிற்கிறது. செம்மொழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சட்டென்று குனிந்து பலகையைத் தூக்கினாள். தண்ணீர் இரண்டாம் மடைக்கு ஓடியது. அவளும் கூடவே ஓடினாள்.

"அடி! நிறுத்தாத! இன்னும் அடி!" என்று கத்தினாள்.

என் மகள் கத்தி நான் கேட்டது அன்றுதான். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வெட்கம் கெட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் எங்கள் வீட்டில் அவளுடைய போன் சமையலறை ஜன்னலில் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. ஜேபி அப்படிச் சொன்னாள், ஜேபி இப்படிச் சொன்னாள், ஜேபிக்குத் தவளை என்றால் பயம், ஜேபி அப்பாவுக்கு விமானத்தில் இட்லி கொடுத்தார்களாம். சோறு ஆறிப்போகும், பேச்சு நிற்காது. "போதும், வாயை மூடிக்கிட்டுச் சாப்புடுடி" என்று என் பெண்ணைத் திட்டுகிற பாக்கியம் எனக்கும் கிடைத்தது. தமிழ்மாறன்கூட ஒரு நாள், "உன் வாசல் ஜெயிச்சுடுச்சு போ" என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். செம்மொழி ஜேபியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றாள். கிழக்கு வாசல் வழியாக, என் சிலாப்பின் மேல் நடந்து வந்திருக்கிறார்கள். வழியில் என் சித்தப்பா வீரையன் பார்த்துவிட்டார். அவர் துரைராசுவின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். பதறிப்போய் அந்தக் குழந்தையிடம் கேட்டாராம், "எங்கம்மா இந்தப் பக்கம்?" என்று.

நான் முப்பது வருடம் பயந்த கேள்வி. எங்கள் ஆளே கேட்டார், அதுவும் அந்தப் பெண்ணிடம்.

"ம்மா, ஜேபிக்குப் பசிக்குதாம். கெளுத்திக் கொழம்புன்னு சொன்னேன், வரேன்னா."

நான் யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். தட்டை எடுக்கும்போது கை ஒரு விநாடி நின்றது. பசி என்று வந்த பிள்ளையிடம் போய் என்னத்தைச் சொல்ல? போட்டேன். இரண்டும் ஒரே தட்டு போதும் என்று பிடிவாதம் பிடித்து, ஒன்றாக உட்கார்ந்து தின்றன. "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் கொழம்பு" என்றாள் ஜேபி. முள் எடுக்கத் தெரியவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் ஜேபியின் அம்மா அனுராதா சாப்பிடக் கூப்பிட மேற்கு வாசலுக்கு வந்திருக்கிறாள். பிள்ளையைக் காணோம். மணல் குழியில் இல்லை, கோயிலில் இல்லை. அரை மணி நேரம் தெருவே தேடியிருக்கிறது. யாரோ குளத்தில் இறங்கியும் பார்த்திருக்கிறார்கள். எந்தத் தாய்க்கும் ஈரக்குலை நடுங்கத்தான் செய்யும், அதில் நான் அவளைக் குறை சொல்லவில்லை. நான் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குள் நுழைந்தபோது குடியானத்தெருவே அங்கே நின்றது.

அனுராதா ஓடிவந்து மகள் முதுகில் ஒன்று வைத்தாள், உடனே கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவள் வாயோரத்தில் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தாள். "எங்கடி சாப்ட்ட?"

ஜேபி திரும்பி கிழக்கே கையைக் காட்டினாள். "செம்மொழி வீட்ல. மீன் சூப்பரா இருந்துச்சும்மா."

அனுராதா முந்தானையால் அந்த வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனாள். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம், கேஸ்கூடப் போட்டிருக்கலாம். துடைத்ததற்கு என்ன செய்ய?

நாலாம் நாள் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. குழந்தைகள் கவனிப்பாரின்றிக் காணாமல் போகும் அபாயம் இருப்பதாலும், அருகில் வாய்க்கால் இருப்பதாலும், பூங்காவின் நடுவே பாதுகாப்பு வேலி அமைத்து, அந்தந்தத் தெருக் குழந்தைகள் அந்தந்த வாசல் வழியாக வந்து செல்ல ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். சாதி என்ற சொல்லே கிடையாது. கீழே அறுபத்தெட்டு கையெழுத்து. அதில் ஒன்பது எங்கள் காலனியுடையது. ஒன்பதில் முதல் கையெழுத்து வீரையன் சித்தப்பாவுடையது.

"உங்க ஊருதானே, நீங்களே அளந்து எஸ்டிமேட் போட்டுடுங்க" என்று பி.டி.ஓ. அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போடமாட்டேன் என்றுதான் முதலில் நின்றேன். துரைராசுவையே நேரில் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்கு நாற்காலி போட்டார், மோர் கொடுக்கச் சொன்னார்.

"யாரும் யாரையும் வராதேன்னு சொல்லலியேம்மா. அப்படிச் சொன்னா தப்பு, சட்டமும் விடாது. உங்க பக்கத்துக்கு ஒரு வாசல், எங்க பக்கத்துக்கு ஒரு வாசல். நீ போட்ட வாசல்தானே? நடுவுல ஒரு வேலி. ரெண்டு பக்கமும் புள்ளைங்க வெளையாடட்டும். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு."

மோர் டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே ஒரு வாசல் இருந்திருந்தால் நடுவில் வேலி போட முடியாது. போட்டால் ஒரு பக்கத்துக்கு உள்ளே வர வழியே இருக்காது, உடனே கேள்வி வரும். வேலிக்கு இடம் விட்டுக் கொடுத்தவள் நான். அவர் வரைபடத்தைப் பார்த்த அன்றைக்கே இதைப் பார்த்துவிட்டார். என் கணவரும் சோற்றுக் கையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டார். பதினான்கு வருடம் படம் வரைகிற எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் சித்தப்பா வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குறுவைக்கு நாத்து விட்டாச்சும்மா. இப்பப் போயி நெலத்தைக் குடுன்னா நான் எங்க போவேன்? வேலிதானே. கம்பிதானே. போட்டுக் குடுத்துடு தாயி."

போட்டுக் கொடுத்தேன். குறுக்கே எண்பத்திரண்டு அடி நீளம், ஆறடி உயரம், கம்பி வலை, பத்தடிக்கு ஒரு இரும்புக் கம்பம். ஒரு பக்கத்துக்கும் அநியாயம் ஆகிவிடக் கூடாது என்று, சரியாக நடுவில் கோடு போட்டேன். அதிலும் எனக்கு ஒரு நியாய உணர்ச்சி, பாருங்கள். நாலு பேர் ஆடுகிற பலகையின் அச்சு அந்தக் கோட்டின் மேலேயே வந்தது, அதைக் கழற்றிப் போட வேண்டியதாயிற்று. அடிபம்பு மேற்கில் போய்விட்டது. விளையாட்டு வாய்க்கால் வேலிக்கு அடியில் புகுந்து எங்கள் பக்கம் வருகிறது, வெறுமையாக. கடைமடைக்குத் தண்ணீர் வராதது எங்களுக்குப் புதிதா என்ன. தமிழ்மாறன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பில் உப்பு குறைவு என்றார். நான் சொன்னேனே என்று இன்று வரைக்கும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜேபி மூன்று வாரம் பூங்காவுக்கே வரவில்லை. செம்மொழி தினமும் போய் வேலி ஓரமாக நின்றுவிட்டு வருவாள். பிறகு ஒரு நாள், "ம்மா, என் போன் எங்க?" என்றாள். ஜன்னலிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவள் பழையபடி 'ம்' என்று ஆகிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை. ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து வந்தவள் அவளைக் கூப்பிடலாம் என்று சிலாப்பின் மேல் ஏறினேன். செம்மொழி வேலியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை போனுக்குள் கவிழ்ந்திருந்தது. அவளுக்கு நேர் மேலே என் பலகை: இங்கே செல்போன் வேண்டாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டே போகப் போகத்தான் தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் ஜேபி. அவளும் அதே மாதிரி வேலியில் முதுகைச் சாய்த்து, போனில் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு முதுகுக்கும் நடுவே கம்பி வலைதான். அடிப் பாவிகளா, இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பழகியதெல்லாம் அதற்குள் மறந்துபோச்சா? பாய்ந்து போய் செம்மொழியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"இந்தக் கருமத்தை விட்டொழிக்கத்தானேடி இம்புட்டும் கட்டுனேன்!"

திரையில் லூடோ. சிவப்புக் காய் செம்மொழி, பச்சைக் காய் ஜேபி. கீழே இரண்டு பேரும் எழுதிக்கொண்டது வரிசையாக இருந்தது.

'திரும்பாத. பெரியப்பா வாசல்ல ஒக்காந்திருக்காரு.'

'தெரியும்.'

'இன்னிக்கு என்ன கொழம்பு?'

'கெளுத்தி.'

'முள்ளு யாரு எடுத்தா?'

'நானே.'

'உன் டர்ன்டி. சீக்கிரம்.'

செம்மொழி தலையைத் தூக்காமல், உதடு அசையாமல் சொன்னாள். "குடும்மா. அவ காத்துக்கிட்டிருக்கா. நீ அந்தப் பக்கம் பாக்காத."

மேற்கு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் துரைராசு டீ குடித்துக்கொண்டிருந்தார். என் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்னம்மா சுடர்விழி, உம் பொண்ணுமா? எங்க வீட்டுதும் இப்படித்தான். வந்தா இந்த டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒரு மூலையில ஒக்காந்துடுது. நீ போர்டு வேற எழுதி வச்சிருக்கே, எங்க கேக்குதுங்க?"

நடிப்பு இல்லாமல், உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆமாங்க சார்," என்றேன். "என்ன பண்றது, காலம் அப்படி."

"நல்லா நாலு திட்டு திட்டும்மா."

திட்டினேன். "அறிவிருக்காடி உனக்கு? கண்ணு அவிஞ்சு போகப் போவுது பாரு!" என்று அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே, போனை மெல்ல அவள் மடியில் போட்டேன். அவருக்குத் திரை தெரியாதபடி முன்னால் நின்றுகொண்டேன். அவள் பகடையைத் தொட்டாள். பின்னால் ஜேபியின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள்.

ஒரு ஐந்து நிமிடம் அப்படிப் போயிருக்கும்.

"ம்மா. சார்ஜ் நாலு பர்சன்ட்தான் இருக்கு."

"வீட்டுக்கு ஓடிப் போய்ப் போட்டுக்கிட்டு வா."

"அதுக்குள்ள ஆறாயிடும். ஆறு மணிக்கு அவங்க அம்மா போனை வாங்கி வச்சுக்குவாங்க. நாளைக்கு அவங்க திருச்சி போறாங்க, பத்து நாள் ஆகும், அங்க போனும் கெடைக்காது." அவள் விளக்குக் கம்பத்தின் அடியைப் பார்த்தாள். "இங்க எங்கயாச்சும் பிளக் இருக்காம்மா?"

பிளக் இருந்த இடத்தில் சிமென்ட் பூச்சு இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது.

என் போனை எடுத்தேன். அதில் அந்த விளையாட்டு இல்லை. இறக்கினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். பத்து சதவீதம், பதினொன்று. பதினொன்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிப் பிடித்தேன், காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். பதின்மூன்று.

செம்மொழியின் திரை ஒரு முறை வெளுத்து அணைந்தது.

அந்தப் பக்கம் ஜேபி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். போனை உதறினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஏதோ எழுதினாள், பதிலுக்குக் காத்திருந்தாள், இன்னொன்று எழுதினாள். முதுகு திரும்பவில்லை. ஒரு விரலை வலைக்குள் நீட்டினால் போதும். என் மகளும் நீட்டவில்லை, நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துரைராசு டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜேபி! மணியாச்சு, போனைக் கொண்டா!" என்று அனுராதாவின் குரல் வந்தது. ஜேபி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வேகமாகத் தட்டினாள். போனைப் பார்த்துக்கொண்டே மேற்கு வாசலுக்கு நடந்தாள், திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

"நான் பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுக்குவாளாம்மா?" என்றாள் செம்மொழி.

அவள் முதுகு இன்னும் வேலியில்தான் சாய்ந்திருந்தது.